நட்பு நாட்டுக்குப் போன சின்ன சைஸ்கள்

ராணுவ பூட்ஸ் தைக்கப் போகிறோம் என்று முதலாளி அறிவித்த அன்று எங்கள் கம்பெனியில் யாரும் கை தட்டவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய லேடீஸ் ஷூ ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. ஆம்பூரில் எங்களைப் போன்ற பல கம்பெனிகளில் ஒரு லைனை மூடிவிட்டு, இன்னொன்றைப் பாதி ஆளோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே, "இன்னிக்கு வேலை இருக்குமாக்கா?" என்று பெண்கள் என்னைக் கேட்பார்கள். நான் சாம்பிள் ரூம் பொறுப்பாளர். எந்தப் புது ஷூவானாலும் முதல் ஜோடியைச் செய்து பார்ப்பது எங்கள் அறையில்தான். அதனால் எனக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நினைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் அவர்களைப் போலவே பயந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதலாளி மேல்விஷாரத்துக்காரர். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ்.

"யாரும் பேஜாராவாதீங்க," என்றார். "இது கவர்மெண்ட் ஆர்டர். நம்ம சர்க்கார் ஒரு தோஸ்த் நாட்டு மிலிட்டரிக்கு சாமான் விக்குது. ட்ரெஸ், பெல்ட், கூடாரம், எல்லாம் சேர்த்து. அதுல பூட்ஸ் தைக்கிறது நாம. ஒழுங்கா தச்சுக் குடுத்தா அடுத்தது வரும்."

விஷயம் அவ்வளவுதான். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்த வியாபாரம். விற்பது மத்திய அரசின் நிறுவனம் ஒன்று. வாங்குவது ஒரு நட்பு நாடு. நடுவில் தைத்துத் தருவது நாங்கள். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கம்பெனியில்கூட நாங்கள் அதைச் சொன்னதில்லை. "நட்பு நாடு லைன்", "நட்பு நாடு தோல்" என்றே பேசிப் பழகிவிட்டோம்.

எங்கள் சர்ச்சில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "சண்டைக்குப் போறவனுக்குச் செருப்பு தைக்கிறியாமே, மனசு உறுத்தலையா?" என்று கேட்டார். வேலூரில் காலேஜ் படித்தபோது, நான் தோல் பதனிடும் ஷாப்புக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்கள் காலில் கிடந்ததும் தோல்தான். எங்கள் வேலையில் குறை சொல்ல யாருக்காவது ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். "சண்டைக்குப் போகச் சொல்றது நான் இல்லீங்க," என்றேன். "போறவங்க வெறுங்காலோட போகக் கூடாதுன்றது மட்டும்தான் என் வேலை."

கொஞ்ச நாளில் டெல்லியிலிருந்து அந்த அரசு நிறுவனத்தின் அதிகாரி வந்தார். டெல்லியில் வேலை என்றாலும் சென்னையில் வளர்ந்த தமிழர். மரியாதையாகப் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். அவரைக் கெட்டவராகக் காட்டி இதை எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் கொண்டுவந்த பெட்டியில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் இருந்தது. இரண்டின் நாக்கிலும், நாடாவுக்கு அடியில், அரக்கு முத்திரை. "இதுதான் சீல் வெச்ச சாம்பிள்," என்றார். "ரெண்டு நாட்டுக்காரங்களும் பார்த்து ஒத்துக்கிட்டது. நீங்க தைக்கிற ஒவ்வொரு ஜோடியும் இதே மாதிரி இருக்கணும். ஒரு தையல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

எந்தெந்த சைஸில் எவ்வளவு வேண்டும் என்ற விவரத்தையும் கொடுத்தார். நான் அதைப் பார்த்தபடியே இருந்தேன். பெரிய சைஸ்களுக்குக் கீழே, சின்ன சைஸ்களும் கணிசமாக இருந்தன.

"சார், அவங்க மிலிட்டரில பொண்ணுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

"இந்தச் சின்ன சைஸெல்லாம் அவங்களுக்குத்தானே?"

"யாருக்கு வேணா இருக்கலாம் மேடம். நமக்கு சைஸ்தான் கணக்கு, ஆள் இல்ல."

"ஆனா இது ஆம்பளை லாஸ்ட்ல செஞ்சது சார்."

லாஸ்ட் என்பது கால் வடிவில் இருக்கும் அச்சு. அதன்மேல்தான் தோலை இழுத்து ஷூவுக்கு உருவம் கொடுப்போம். ஆண்களின் அச்சை அப்படியே சுருக்கிவிட்டால் அது பெண்களின் கால் ஆகிவிடாது. பெண்களுக்குக் குதிகால் ஒடுக்கம். கெண்டைச்சதை கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும். ஆண்களுக்கான பூட்ஸைப் பெண்கள் மாட்டிக்கொண்டு நடந்தால் பின்னால் குதி ஏறி இறங்கும், மேல் விளிம்பு சதையில் அறுக்கும். இது ஷூ தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல," என்றார். "ஆனா சாம்பிள் சீல் ஆயிடுச்சு. மாத்தணும்னா புது அச்சு, அடிப்பாகத்துக்குப் புது மோல்டு, மறுபடி டெஸ்ட்டு, மறுபடி ரெண்டு நாட்டு ஒப்புதல். சப்ளை தேதி போயிடும். அவங்களே கேக்கல மேடம். கேக்காத ஒண்ண நாம ஏன் கிளப்பணும்?"

முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணால் 'போதும்' என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குப் போனால் மறக்க முடியாதபடி எனக்கு ஒரு தங்கை இருந்தாள்.

என் தங்கை போலீஸ்காரி. வேலூரில் பணி. பயிற்சிக் காலத்தில் அவளுக்குக் கிடைத்த பூட்ஸ் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டு, முனையில் பஞ்சு வைத்து அடைத்து, அதோடு ஓடினாள். கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. புதுநகம் கோணலாகத்தான் முளைத்தது. டியூட்டி முடிந்து வந்தால் முதல் வேலையாக பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே எறிவாள். அன்று நான் நடந்ததைச் சொன்னதும் சிரித்தாள்.

"எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்லிட்டாங்கக்கா. பூட்ஸுக்குக் காலைப் பழக்கிக்கோன்னு."

"உனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சு. யார்கிட்ட போய்க் காட்றது? நீதான் ஷூ கம்பெனில இருக்கே, உங்கிட்ட காட்டலாமா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

கம்பெனி ஸ்டோரில், நின்றுபோன லேடீஸ் பூட்ஸ் ஆர்டரின் பழைய அச்சுகள் மூட்டையாகக் கிடந்தன. அதிலிருந்து இரண்டு சைஸ் எடுத்தேன். விரல் பகுதி ஃபேஷனுக்காகக் கூராக இருந்தது. அங்கே தோல் துண்டுகளை ஒட்டி அகலப்படுத்தினேன். தரம் போதாதென்று ஒதுக்கிய நட்பு நாடு தோலில் மேல்பாகம் வெட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூம் காலியாக இருக்கும். எங்கள் அறையில் தைக்கும் பள்ளிகொண்டாப் பெண் ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸோடு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

"இது ஆர்டர்ல இல்லியே, யாருக்கு?" என்றாள்.

"எனக்கு."

"பொய் சொல்லாத. நீ எங்க போய் மிலிட்டரில சேரப் போற?"

சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அவள் தைத்ததுபோல் எனக்குத் தைக்க வராது.

அடிப்பாகத்துக்குப் புது மோல்டு இல்லை. ஆண்கள் பூட்ஸின் அடியையே எடுத்துக் குதிப்பக்கம் கையால் செதுக்கி ஒட்டினோம். சந்தைக்குப் போகிற சரக்கு இல்லை அது. ஆனால் காலில் போட்டு நடக்கலாம்.

முதல் ஜோடியைத் தங்கைக்குக் கொடுத்தேன். அந்த வாரம் அவளுக்குப் பள்ளிகொண்டா கோயில் திருவிழாவில் பந்தோபஸ்து. பார்க்க அவளுடைய போலீஸ் பூட்ஸ் மாதிரியே கறுப்பு என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பகல் முழுக்கக் கூட்டத்தில் நின்றுவிட்டு மாலையில் வந்தவள், நேராகச் சமையலறைக்குப் போய்ச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"அடியே, பூட்ஸோட உள்ள வர்றியே!" என்று அம்மா கத்தினாள்.

தங்கை குனிந்து காலைப் பார்த்தாள். "கழட்டணும்னு தோணவே இல்லம்மா," என்றாள்.

பிறகு கழற்றிக் காட்டினாள். குதி சிவக்கவில்லை. மேல் விளிம்பு மட்டும் ஒரு பக்கம் உரசியிருந்தது. இரண்டாவது ஜோடியில் அந்த இடத்தைத் தாழ்த்தி, உள்ளே மெத்தென்று ஒரு பட்டை வைத்தோம். அந்த ஜோடியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதை என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லைன் ஓட ஆரம்பித்த பிறகு, நட்பு நாட்டிலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. கம்பெனிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெண்களுக்குப் புது நீலக் கோட்டு கொடுத்தார்கள். முதல்நாள் டெல்லி அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, "அவங்க ஏதாவது கேட்டா நான் பதில் சொல்றேன். நீங்க வேலையைப் பார்த்தாப் போதும்," என்றார். பேசி முடிக்கும்போது அவர் பார்வை என்மேல் நின்றது. நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிடம் நான் நிஜமாகவே பேசாமல் இருக்கத்தான் நினைத்திருந்தேன்.

குழுவில் மூன்று ஆண்கள், ஒரு பெண். எல்லோரும் ராணுவ அதிகாரிகள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். குள்ளம், நேரான முதுகு. லைன் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஷோரூமுக்கு வந்தார்கள். அங்கே எல்லா சைஸிலும் பூட்ஸ் அடுக்கியிருந்தது. குழுத் தலைவர் தன் சைஸைப் போட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அந்தப் பெண் அதிகாரியும் ஒரு ஜோடி போட்டார். ஷோரூமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார்.

நான் சுவரோரமாகக் கை கட்டி நின்றேன். அவருடைய குதி ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு புன்னகை. பரிசாகக் கிடைத்த சேலை பிடிக்காதபோது நாம் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நன்றாக இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில்.

டெல்லி அதிகாரி, "மிக்க மகிழ்ச்சி," என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது என்று எழுத மாட்டேன். நான்தான் திறந்தேன். "மேடம், குதி தூக்குது இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

முதலாளி தன் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பெண் அதிகாரி என்னைப் பார்த்தார். "எப்போதும் தூக்கும்," என்றார். "எல்லா பூட்ஸும் அப்படித்தானே?"

"எல்லாமும் இல்லை. ஒரு நிமிஷம் இருங்க."

டெல்லி அதிகாரி தமிழில், தாழ்ந்த குரலில், "மேடம், வேண்டாம்," என்றார். சாம்பிள் ரூம் பக்கத்து அறைதான். அவர் குரல் என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை கேட்டது. அலமாரியைத் திறந்து அந்த ஜோடியைக் கொண்டுவந்து அந்தப் பெண் அதிகாரியின் காலடியில் வைத்தேன்.

அவர் சைஸ் அதுவாக இருந்தது என் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மானம் போயிருக்கும்.

அவர் போட்டுக்கொண்டு நாடாவை இறுக்கினார். ஷோரூமில் நடக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போனார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்குப் போனோம். முற்றத்தில் மெதுவாக ஓடினார், பிறகு வேகமாக. லாரியில் சரக்கு ஏற்றும் சரிவில் ஏறினார், மேலே இருந்து குதித்தார். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டெல்லி அதிகாரியிடம் கேட்டார்.

"இந்த இரண்டில் எங்களுக்கு நீங்கள் விற்பது எது?"

டெல்லி அதிகாரி நிதானமாகப் பதில் சொன்னார். விற்பது சீல் வைத்த சாம்பிள்படி உள்ளது என்றும், இது ஒரு ஊழியரின் தனிப்பட்ட முயற்சி, பரிசோதிக்கப்படாதது, அடிப்பாகம் கையால் ஒட்டியது என்றும் சொன்னார். அத்தனையும் உண்மை. குழுத் தலைவர் சிரித்து, ஒப்பந்தம் முடிந்துவிட்டதே என்று எதையோ சொல்லிப் பேச்சை மாற்றினார். சாப்பிடப் போனார்கள்.

ஆனால் அந்தப் பெண் அதிகாரி பூட்ஸைக் கழற்றவில்லை. மாலையில் கார் ஏறும்போதும் அதுதான் காலில் இருந்தது. அவர் போட்டு வந்த ஷூவைக் கம்பெனி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்திருந்தார். கார்க் கதவருகே என்னைத் தேடிப் பார்த்து, தொப்பியைத் தொட்டார். எனக்குப் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன்.

அன்று சந்தோஷப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கார் கேட்டைத் தாண்டியதும் பள்ளிகொண்டாப் பெண்தான் முதலில் வந்தாள். எனக்காக அந்த பூட்ஸைத் தைத்தவள்.

"இப்படி எல்லார் முன்னாடியும் எடுத்து வெப்பேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே. ஆர்டர் போச்சுன்னா இன்னா பண்ணுவே? எங்க புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?"

"போட முடியாது. என் சோறும் இதுலதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு பண்ணே?"

நான் சொன்ன பதில் எதுவும் அவளுக்குப் போதவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டு அன்று காலியாகவே வந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

"டெல்லி சார் ரொம்ப அப்செட்ம்மா. ஒரு ஃபோன் போட்டு ஸாரி சொல்லிடு. முடிஞ்சுரும்."

"நான் இன்னா தப்பு பண்ணேன் மொதலாளி?"

"தப்பு பண்ணேன்னு யார் சொன்னா? ஸாரி சொல்றதுக்கு தப்பு பண்ணியிருக்கணுமா இன்னா? நான் தினம் எவ்ளோ பேருக்கு சொல்றேன் தெரியுமா?"

"உங்களுக்குப் பழக்கம். எனக்கு வராது."

"புடிவாதம் ஜாஸ்தி உனக்கு," என்றார். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "சாம்பிள் ரூம்ல உன்னை வெச்சிருந்தா அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? பேக்கிங்குக்குப் போ. கொஞ்ச நாளைக்கு."

வேலையை விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். நான் விடவில்லை. விட்டிருந்தால், நான் பயந்து ஓடியதாகக் கம்பெனியில் சொல்லியிருப்பார்கள். பேக்கிங்கில் நின்று பூட்ஸ்களைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, பெட்டியில் வைத்து மூடினேன். சின்ன சைஸ்களும் என் கை வழியாகத்தான் போயின. குதிக்குள் ஒட்ட ஒரு மெத்தைத் துண்டாவது சேர்த்து அனுப்பலாமா என்று முதலாளியைக் கேட்டேன். சாம்பிளில் இல்லாத எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது என்றார். யாருக்கும் தெரியாமல் நானே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான் செய்ததை எல்லோர் கண்முன்னால் செய்தேன். இனி ஒளித்துச் செய்தால், முன்பு செய்ததும் திருட்டுத்தனம் என்றாகிவிடும்.

கன்டெய்னர்கள் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பின. ஆர்டர் போகவில்லை, யாருக்கும் வேலையும் போகவில்லை. ஆனாலும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு நிரம்பப் பல வாரங்கள் ஆயின. ஒருநாள் பள்ளிகொண்டாப் பெண் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, "தள்ளி உக்காரு, பை வெக்க எடம் இல்ல," என்றாள். நாங்கள் சமாதானம் ஆனது அப்படித்தான்.

மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் காலை முதலாளி என்னைப் பேக்கிங்கிலிருந்து கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் டெல்லி அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க மேடம்," என்றார். நான் நின்றேன்.

"அந்த நாட்டிலிருந்து ரெண்டாவது ஆர்டர் பேசறாங்க. இந்தத் தடவை பெண்களுக்குத் தனி பூட்ஸ் வேணும்னு எழுதியிருக்காங்க. அந்த மேடம் உங்க ஜோடியை அங்கே பல பேர் காலில் போட்டுக் காட்டியிருக்காங்க போல."

"சரிங்க சார்."

"அன்னிக்கு நீங்க செஞ்சது சரின்னு நான் சொல்லப்போறதில்ல. ஒவ்வொரு கம்பெனிலயும் ஒவ்வொருத்தர் இப்படி ஆரம்பிச்சா என் வேலை நடக்காது. ஆனா இப்ப அவங்க கேக்கறாங்க. செஞ்சு குடுக்கணும்."

"நானும் ஸாரி சொல்லப்போறதில்ல சார்," என்றேன். "செஞ்சு குடுக்கறேன்."

முதலாளி இருமினார். டெல்லி அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். பழைய அச்சில் தோல் ஒட்டி ஏமாற்றுகிற வேலை வேண்டாம். புது அச்சு வேண்டும், அதற்கு முன் நிஜமான பெண்களின் காலை அளக்க வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். கம்பெனிப் பெண்கள் லைனில் நின்று காலை நீட்டினார்கள். மெஷின் மிதித்து மிதித்துத் தடித்த கால்கள். வெட்கப்பட்டு, சிரித்து, "என் காலை வெளிநாட்டுக்காரிக்கா அனுப்பப் போறீங்க?" என்று கிண்டல் செய்தார்கள். தங்கை தன்னோடு வேலை செய்யும் போலீஸ்காரிகள் சிலரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தாள். அவர்கள் கால்களைப் பார்த்தபோது கம்பெனிப் பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. பாதிப் பேருக்கு நகம் கோணல்.

புது சாம்பிள் தயாரானது. சோதனைகளில் ஒன்றில் தோற்று, திருத்தி, மறுபடி போய்த் தேறியது. அரக்கு முத்திரையும் விழுந்தது. சாம்பிளோடு வந்த தாளில், வடிவமைத்தது யார் என்ற இடத்தில் அரசு நிறுவனத்தின் பெயர் இருந்தது. எங்கள் கம்பெனியின் பெயர்கூட இல்லை. அது விதிமுறை என்றார் டெல்லி அதிகாரி. அதில் நான் சண்டை போட்டுத் தோற்றேன்.

பிறகு சென்னையில் ஒரு கண்காட்சி நடந்தது. நம் அரசு தயாரிக்கும் ராணுவத் தளவாடங்களை மற்ற நட்பு நாடுகளுக்குக் காட்டுகிற இடம். பீரங்கியும் ட்ரோனும் வைத்த பெரிய கூடங்களைத் தாண்டி, ஒரு மூலையில் துணிமணிகளோடு எங்கள் பூட்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஏதாவது தொழில்நுட்பக் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பல நாட்டு யூனிஃபார்ம்கள் வந்தன, கண்ணாடியைப் பார்த்தன, நகர்ந்தன. எழுந்து போய்க் கண்ணாடியைத் திறந்து பூட்ஸை வெளியே எடுத்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். டெல்லி அதிகாரி வேகமாக வந்தார்.

"மேடம், அது உள்ள இருக்க வேண்டியது."

"கண்ணாடிக்குள்ள இருந்தா யார் கால்ல போட்டுப் பார்க்கிறது சார்?"

அவர் கையை நீட்டுவதற்குள் ஒரு நாட்டின் பெண் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றத் தொடங்கிவிட்டார். வாங்க வந்தவரை எழுப்ப அவரால் முடியாது. டெல்லி அதிகாரியே பக்கத்தில் நின்று, விவரம் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தபோது, கூடத்தில் காவலுக்கு நின்ற நம் நாட்டுப் பெண் ராணுவ வீரர் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். மலையாளம் கலந்த தமிழில், "நானும் போட்டுப் பார்க்கட்டுமா சேச்சி?" என்று கேட்டாள். போட்டாள். எழுந்து நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்களுக்கு எப்போ வரும்?"

நான் டெல்லி அதிகாரியைப் பார்த்தேன். "அது வேற துறை," என்றார். "முறைப்படி கோரிக்கை வரணும். இது ஏற்றுமதிக்கு."

"அப்ப வெளிநாட்டுப் பொண்ணுங்க காலுக்கு நாம செஞ்சு விப்போம். நம்ம பொண்ணுங்க பஞ்சு வெச்சு நடக்கணுமா சார்?"

குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்தது. பக்கத்து ஸ்டாலில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சட்டென்று பூட்ஸைக் கழற்றப் போனாள். அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று நான் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவள் பாதத்தை அளந்தேன். நீளம், அகலம், குதி, கெண்டைச்சதை. அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவளைப் போல இன்னும் எத்தனை பெண்கள் இங்கே காவலுக்கு நிற்கிறார்கள் என்று கேட்டேன்.

சாயங்காலம் முதலாளி ஃபோன் செய்தார். "டெல்லி சார் சொன்னாரு. நாளைக்கு நீ போக வேணாமாம். வேற ஆள் பார்த்துக்குவாங்களாம். ஆம்பூருக்கு வந்துரும்மா."

"சரிங்க மொதலாளி. நாளன்னிக்கு வர்றேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கு லீவு போட்டுக்கறேன்."

மறுநாள் காலை பொதுமக்களுக்கான வரிசையில் நின்று உள்ளே போனேன். கையில் அளவு நாடா இருந்தது.